முப்பத்தோராம் பக்கம்

சுவிஸில் ஒரு தமிழன் வாயைத் திறந்தால் மூன்று விசயம்தான் வெளியில் வரும்: பெர்மிட், வீட்டு வாடகை, அடுத்த வீட்டுக்காரன். நாலாவதாக ஒரு விசயம் கதைத்த ஒரே மனிதர் எங்கள் அயர்லாந்தார்தான். அவர் கதைத்ததெல்லாம் அயர்லாந்து. அயர்லாந்தின் ராசாக்கள், அயர்லாந்தின் பஞ்சம், அயர்லாந்தின் பேய்கள். புதிதாக வந்தவர்கள் அவரை அங்கிருந்து மாற்றலாகி வந்தவர் என்றே நம்பினார்கள். மனிதர் அந்தப் பக்கம் கால்கூட வைத்ததில்லை. எம்மன்புரூக்கேயில் ஒற்றை அறையில் இருந்தார். லுசேர்ண் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டினார். அவ்வளவுதான்.

அவரிடம் தன்னுடைய சொந்தக் கதை ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லப் பதினெட்டு வருடம் என் வீட்டுச் சோபாவில் வந்து காத்திருந்தார். சொல்லவிடாமல் செய்த மகாபாவி நான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் தொடங்கியது ஒரு உல்லாசப் பயணி அறையில் விட்டுப்போன புத்தகத்தால். ஆறு மாதம் தேடி ஒருவரும் வரவில்லை என்று ஹோட்டல் அதை இவருக்குக் கொடுத்துவிட்டது. அயர்லாந்துக் கதைகள், பெரிய எழுத்து, படங்களோடு. அட்டையில் ‘எல்லா வயதினருக்கும்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வேறு ஆளாக இருந்தால் அதை விளம்பரம் என்று எடுத்திருப்பான். இவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். அகராதியை வைத்து ஒரு வருடத்தில் வாசித்து முடித்தார். பிறகு சனிக்கிழமை தவறாமல் புரொக்கிக்குப் போய், அதுதான் பழைய சாமான் விற்கிற கடைக்கு, அயர்லாந்து என்று எழுதியிருந்த எதையும் விடாமல் அள்ளிக்கொண்டு வந்தார். பிறகு எங்களை வயதுவாரியாகப் பிரித்தார்.

பிரித்தார் என்றால் உண்மையாகவே பிரித்தார். ஒரு கொப்பியில் எங்கள் எல்லாருடைய வயதும் எழுதி வைத்திருந்தார். எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் சனம் காசு வைத்த என்வலப்போடு போகும். இவர் அந்த வயதுக்குரிய புத்தகத்தோடு போவார். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடலுக்குள் கல் அடுக்கி வழி போட்ட இராட்சதன். சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையானவளுக்குக் கப்பல் கொள்ளையடித்த ஒரு ராணி. ஒலிவாங்கியைப் பறித்து, “பிள்ளை, இவவைப் போலத் துணிவா வரவேணும்” என்று வாழ்த்தினார். பிள்ளையின் தகப்பன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! இன்னொருவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு இவர் கொண்டுபோனது, சாவு வருவதற்கு முதல்நாள் வீட்டு வாசலில் வந்து அழுகிற ஒரு பேய்ப்பெண்ணைப் பற்றிய புத்தகம்.

“அண்ணை, இதையே குடுக்கப்போறியள்?” என்று கேட்டேன்.

“ஏன்? அவரின்ரை வயசுக்கு இப்பவே அறிஞ்சு வைச்சால்தானே நல்லது.”

ஹோட்டலிலும் இதே கூத்துத்தான். ஒரு நாள் உருளைக்கிழங்குத் தோலைத் தடிப்பாகச் சீவின பொடியனுக்குப் பக்கத்தில் போய், கிழங்கு அழுகி ஒரு நாடே பட்டினி கிடந்து கப்பலேறின கதையைத் தொடங்கிவிட்டார். பொடியன் அழுதுவிட்டான். ரோஸ்ட்டி என்கிற கிழங்கு ரொட்டிக்கு நூறு பேர் வெளியில் காத்திருக்கிறார்கள். தலைமைச் சமையல்காரர் ஓடிவந்து பார்த்தால், ஒருத்தரும் கிழங்கு சீவவில்லை. எல்லாரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

செத்தவீட்டையாவது விட்டாரா? அயர்லாந்தில் செத்தவரைச் சுற்றியிருந்து அவர் செய்த பகிடிகளைச் சொல்லிச் சிரிப்பார்களாம். அதை வாசித்துவிட்டு முப்பத்தோராம் நாள் காரியம் நடந்த ஒரு வீட்டில் போய், “ஆள் உயிரோடை இருக்கேக்கை செய்த ஒரு பகிடியைச் சொல்லுங்கோ” என்று கேட்டார். கேட்டது செத்தவருடைய மனைவியிடம். இரண்டு பேர் வந்து, “அண்ணை, வெளியிலை தேத்தண்ணி இருக்கு” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவருடைய புத்தகங்களை வாசித்தீர்களா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். வாசிக்கவும் முடியாது, எறியவும் முடியாது. காரணம் அவர் சுற்றிக்கொடுக்கிற கடதாசி. சூரிச் தமிழ்க்கடைகளில் சும்மா கொடுக்கிற கலண்டர்களின் பழைய தாளில்தான் சுற்றுவார். சைவக்காரருக்கு முருகன், வேதக்காரருக்கு மாதா, அதிலெல்லாம் மனிதர் சரியாக இருப்பார். முகம் நேர் நடுவில் வரும்படி சுற்றி, நாலு பக்கமும் ஒட்டியிருப்பார். யார் முருகனின் முகத்தைக் கிழிப்பது? யார் மாதாவைக் குப்பை வாளியில் போடுவது? ஆகவே சனம் ஒரே முடிவுக்கு வந்தது. சுற்றினது சுற்றினபடி அடுத்த கொண்டாட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

நானும் தள்ளினேன். என் கலியாணத்துக்கு அயர்லாந்தார் தந்த பார்சலில் மயிலோடு முருகன் நின்றார். தரும்போது காதுக்குள், “தம்பி, முப்பத்தோராம் பக்கத்தை மட்டும் முதலிலை வாசியும். பிறகு நான் வீட்டை வாறன்” என்றார். நான் தலையாட்டினேன். அடுத்த மாதம் சூரிச்சில் ஒரு புதுவீட்டுக் குடிபூரல். என் மனைவி அலுமாரியைத் திறந்து, “இஞ்சாருங்கோ, இந்த முருகனைக் குடுப்பமே?” என்றாள். “குடு” என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு அவரைப் பேருந்தில் கண்டேன்.

“என்ன தம்பி, முப்பத்தோராம் பக்கம் வாசிச்சனீரோ?”

“ஓம் அண்ணை, வாசிச்சனான். சோக்கான பக்கம்.”

பச்சைப் பொய். நாக்கில் எலும்பில்லை பாருங்கள். ஆனால் மனிதருடைய முகம் வெளித்தது. என் கையைப் பிடித்து, “நீர் ஒருத்தர்தான் தம்பி வாசிச்சிருக்கிறீர். என்னிட்டையும் ஒரு கதை இருக்கு. முறை வரேக்கை சொல்லுறன்” என்றார். என்ன முறை, ஏது முறை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் பிடிபட்டுவிடும் அல்லவா?

அடுத்த ஞாயிறு வந்தார். சோபாவில் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. பேருந்துத் தரிப்பிடத்தில் முன்பின் தெரியாதவனுக்கும் அயர்லாந்தைப் படிப்பிக்கிற மனிதர், என் வீட்டில் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்தவர்போல இருந்தார். சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது சொல்லவேண்டுமே என்று, “அண்ணை, கட்டிடத்துக்கே ஒரு மெஷின்தானே. எங்கடை உடுப்புத் தோய்க்கிற முறையிலை கீழ்வீட்டுக்காரி வந்து அதைப் பிடிச்சிட்டா” என்றேன்.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

“உது செய்தி, தம்பி.”

அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடித்தார். போகும்போது, “பரவாயில்லை, முறை வரட்டும்” என்றார்.

மாதம் ஒருமுறை இதே திருவிழா. எங்களுக்கு சி பெர்மிட், அதுதான் நிரந்தர வதிவிட அனுமதி, கிடைத்ததைச் சொன்னேன். “சந்தோசம். ஆனா உது செய்தி.” தொழிற்சாலையில் என்னைப் பொறுப்பாளராக்கினார்கள். “உதுவும் செய்தி.” மனைவிக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். அதையும் கடைசி வரைக்கும் கேட்டு, “பாவம் பிள்ளை” என்று கண்கலங்கிவிட்டு, “எண்டாலும் தம்பி...” என்று இழுத்தார். எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது. என் மனைவி குசினிக்குள் நின்று, “இவர் ஏனப்பா இஞ்சை மட்டும் வந்து பிள்ளையார் மாதிரி இருக்கிறார்?” என்று பல்லைக் கடிப்பாள். சில ஞாயிறுகளில் அவர் வருவதை யன்னலால் பார்த்துவிட்டு விளக்கை அணைத்து, மூச்சுக்காட்டாமல் இருந்திருக்கிறோம். அவர் மணியை ஒருதரம் அடிப்பார். கொஞ்சம் நிற்பார். பிறகு படியிறங்கிப் போகிற சத்தம் கேட்கும். எனக்கு இப்போதும் அந்தச் சத்தம் காதில் கிடக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முதல் அவர் வருவது நின்றது. மறதி வந்து முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பாவம் என்றோம். உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றும் இருந்தது.

இந்த வருடம் எனக்கு ஐம்பது வயது. பேர்ணிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் ஒன்று மேசையில் ஒரு பார்சலை வைத்தது. மயிலோடு முருகன். மூலை மங்கிப்போய், ஆனால் ஒரு கீறல் இல்லாமல். பெயர் ஒட்டின தாளைக் கிளப்பினேன், கீழே இன்னொரு பெயர். அதைக் கிளப்பினேன், இன்னொன்று. நாலு குடும்பம் தாண்டி, ஐந்தாவதாக அடியில் கிடந்தது என் மனைவியின் கையெழுத்து. நாங்கள் சூரிச்சுக்குத் தள்ளின முருகன் சுவிஸ் முழுக்கச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார்.

எல்லாரும் போனபிறகு கத்தியை வைத்து, முகத்தில் படாமல் ஓரத்தால் வெட்டினேன். அதே பெரிய எழுத்துப் புத்தகம். ஹோட்டலில் கிடைத்த அந்த முதல் புத்தகத்தையே மனிதர் எனக்குத் தந்திருக்கிறார். முப்பத்தோராம் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தார்:

‘அயர்லாந்து வழக்கம். விருந்தாளி வந்தால் முதல் கதை வீட்டுக்காரன் சொல்லவேணும். அதுக்குப் பிறகு விடியும் வரைக்கும் கதை விருந்தாளியின்ரை. வீட்டுக்காரன் தொடங்காமல் விருந்தாளி வாய் திறக்கிறது மரியாதை இல்லை.’

வாசித்தேன் என்று சொன்னவன் நான் ஒருத்தன்தான். அதனால்தான் என் வீட்டில் மட்டும் அந்த மனிதர் மரியாதையாகக் காத்திருந்தார். பதினெட்டு வருடம்! ஒரு கதை. ஒரு நரிக் கதையையாவது நான் சொல்லியிருக்கலாம். நான் உடுப்புத் தோய்க்கிற மெஷினைச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தோடு இல்லத்துக்குப் போனேன். யன்னலோரம் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னை யார் என்று தெரியவில்லை. ஆனால் சிரித்த முகம் அதேதான். எதிரில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, “அண்ணை, முதல் கதை நான் சொல்லுறன்” என்றேன்.

“சொல்லும்.”

சொன்னேன். ஒரு ஊரில் ஒரு பொய்யன் இருந்தான் என்று தொடங்கினேன். அவனுக்கு ஒரு நல்ல மனிதர் புத்தகம் கொடுத்ததை, அவன் அதைப் பிரிக்காமலே வாசித்தேன் என்றதை, முருகன் மயிலை விட்டுவிட்டு ரயிலேறிச் சூரிச்சுக்கும் பேர்ணுக்கும் போனதை, வீட்டுக்கு வீடு விலாசம் ஒட்டுப்பட்டதை, கடைசியில் பொய்யனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கே வந்து மேசையில் ஏறி நின்றதை. முருகன் ரயிலேறின இடத்தில் அயர்லாந்தாருக்குச் சிரிப்பு வந்து இருமல் பிடித்துவிட்டது. தண்ணி கொடுத்தேன். பொய்யன் விளக்கை அணைத்துவிட்டு ஒளித்திருந்ததையும் சொன்னேன். முடித்தேன்.

அவர் என் முழங்காலில் தட்டினார்.

“உது கதை.”

கடவுளே, சி பெர்மிட் கிடைத்த அன்றும் நான் அப்படிச் சந்தோசப்பட்டதில்லை.

“இனி உங்கடை முறை அண்ணை.”

“ஓம், என்ரை முறை.” நிமிர்ந்து இருந்தார். தொண்டையைச் செருமினார். “ஒரு கடல் இருந்தது...” என்றார். அதற்குமேல் வரவில்லை. கண்ணை மூடித் தேடினார். திரும்பவும், “ஒரு கடல்...” என்றார். பிறகு குழந்தைப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்து, “தம்பி, நான் என்ன சொல்ல வந்தனான்?” என்று கேட்டார்.

அது அயர்லாந்தின் கடலோ, அவர் தாண்டி வந்த கடலோ எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பதினெட்டு வருடம் என் வீட்டுச் சோபாவில் இருந்தது. நான் தவறவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு சனியும் போகிறேன். முதல் கதையை நான்தான் சொல்கிறேன். வாரம் முழுக்க அதற்காகவே கதை தேடுகிறேன். சில நாள் “உது கதை” என்பார், சில நாள் “உது செய்தி” என்று வெட்டிவிடுவார். பிறகு நான் வாயை மூடிக்கொண்டு, அவரைப் பார்த்தபடி இருக்கிறேன். அவர் கடல் வரைக்கும் வந்து நிற்பார். ஐந்தரைக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பெண் வந்து பார்வை நேரம் முடிந்தது என்பாள். அயர்லாந்தாருக்கு அந்தரமாகிவிடும், என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல முடியாமல் தவிப்பார்.

“அவசரமில்லை அண்ணை” என்பேன். “விடிய இன்னும் நேரமிருக்கு.”