பிரமிளாவின் வீழ்ச்சிக்கு ஆள் தேவை

"அக்கா, உங்க எழுச்சியை எடுத்தாச்சு. மறுபிரவேசத்தை வெள்ளிக்கிழமை எடுக்கிறோம். வீழ்ச்சிதான் கிடைக்கல" என்றான் பிரவின். மலேசியாவில் பிறந்த ஆவணப்பட இயக்குநர்.

பிரமிளா நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டாள். வீட்டு அலங்காரம், விருந்து மேசை, சேலை மடிப்பு என்று லண்டன் தமிழ்ப் பெண்களுக்கு வாழக் கற்றுக்கொடுத்த 'பிரமிளா இல்லம்' என்ற அவளுடைய கடையைப் பற்றி மூன்று பாகத் தொடர். அது வெளிவந்தால்தான் மூடிக்கிடக்கும் கடைக்கு மறுபடி உயிர் வரும்.

"வீழ்ச்சிக்கு என்ன பஞ்சம்? ஊருக்கே தெரியுமே!"

தெரியும்தான். சில வருடங்களுக்கு முன், வாடிக்கையாளர் நிர்மலாவின் மகள் வயதுக்கு வந்த சாமத்திய வீட்டுச் சடங்கில், பிரமிளா செய்த இராட்சதத் தாமரை மேடையில் விரிய, உள்ளிருந்து பிள்ளை எழுந்து வரவேண்டும். தாமரை விரியவில்லை. தீயணைப்புப் படை வந்து இதழ்களை வெட்டித்தான் பிள்ளையை மீட்டது. அந்த வீடியோ ரெய்னர்ஸ் லேன் முதல் குரோய்டன் வரை ஒரு கைபேசி பாக்கியில்லாமல் சுற்றியது.

"கேமராவைப் பார்த்ததும் எல்லாரும் கல்யாண வீடியோ மாதிரி வாழ்த்துறாங்க. வீழ்ச்சி இல்லேன்னா தொடரே வேணாமாம், சேனல்ல சொல்லிட்டாங்க."

பிரமிளா கணவன் தியாகராஜாவிடம் திரும்பினாள். "இஞ்சேருங்கோ, நீங்களாவது என்னைப் பற்றி நாலு குறை சொல்லுங்கோ."

"கேமராவுக்கு முன்னாலயோ? எனக்கு ஏலாது."

"அப்ப மேரிசாந்தியிட்டப் போய், கூச்சப்படாமல் என்னைக் கிழிக்கச் சொல்லுங்கோ."

தியாகராஜா கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு வெம்பிளியிலுள்ள அவள் வீட்டுக்குப் புறப்பட்டார்.

மேரிசாந்தி, அந்த வீடியோவை ஊரெல்லாம் அனுப்பிய புண்ணியவதி. கேமரா ஓடியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிரமிளாக்காவோ? தங்கமான மனுசி!"

பிரவினின் முதுகுக்குப் பின்னால் நின்று பிரமிளா இரண்டு கையாலும் தாமரை காட்டினாள்.

"ஓம் ஓம், பூ வேலையெண்டால் அவவை அடிக்க ஆளில்லை!"

அடுத்தது நிர்மலா. அன்று மண்டபத்திலேயே மண்ணை அள்ளித் தூற்றாத குறை. இம்முறை இன்னும் அழுத்திச் சொல்லும்படி கணவனை முன்கூட்டியே அனுப்பினாள் பிரமிளா.

"தீயணைப்புக்காரரோ? அவையை நாங்கள்தான் அழைச்சனாங்கள். வந்து வடை சாப்பிட்டுப் போனவை" என்றாள் நிர்மலா.

பிரவின் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். பிரமிளா பதறிப்போய், தாமரைக்குள் சிக்கிய நிர்மலாவின் மகள் பிரசாந்தினியையே அழைத்துவரச் சொன்னாள். பல்கலைக்கழக மாணவியாகிவிட்ட அவளைத் தியாகராஜாதான் காரில் கூட்டிவந்தார்.

"உள்ளுக்கு நல்ல வசதி" என்றாள் பிரசாந்தினி. "நான்தான் வெளியில வர விரும்பேல்லை."

பிரமிளா கேமராவுக்குக் குறுக்கே பாய்ந்தாள். "பொய்! நீ கத்திக் குளறினது இப்பவும் என்ர காதுக்குள்ள கேக்குது! முதல்நாளே ஒருக்காத் திறந்து பாத்திருக்கலாம். பெயர் வாங்கிற அவசரத்தில பச்சைப்பிள்ளையை உள்ளுக்கு இருத்திப்போட்டன். என்ர பிழைதான்!" விம்மி விம்மி அழுதாள்.

பிரவின் மூச்சுவிடாமல் படம் பிடித்தான். வீழ்ச்சி கிடைத்துவிட்டது.

பிரமிளா மூக்கை உறிஞ்சினாள். "ஏன் பிள்ளை, எல்லாரும் சேர்ந்து இப்பிடிப் பொய் சொன்னனீங்கள்?"

பிரசாந்தினி, வாசலில் கார்ச்சாவியோடு நின்ற தியாகராஜாவைத் தயக்கத்துடன் பார்த்தாள்.

"சொறி அன்ரி. உங்களைக் குறை சொல்லுற உரிமை தனக்கு மட்டும்தானாம், வேற ஆராவது வாயைத் திறந்தால் பிறகு தன்ர முகத்தில முழிக்கக் கூடாதாமெண்டு அங்கிள் வீடு வீடா வந்து சொல்லிப்போட்டுப் போனவர்."