ஏரி உறையாத ஜனவரி

ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியைத் தைஸ்தோ விரலால் தட்டினார். ஏழு டிகிரி. இன்னொரு தட்டு தட்டினார். ஏழரை.

"தட்டத் தட்ட ஏறுது சனியன்!"

ஜனவரி கடைசி வாரம். பனிதேசத்துக் குவோப்பியோ நகரத்து ஏரி வழக்கமாகக் கெட்டியாக உறைந்திருக்கும்; இந்நேரம் அதன் மேல் லாரியே ஓட்டலாம். இந்த வருஷம் வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

தைஸ்தோ பள்ளிக்கூடக் காவலாளி. வயது ஐம்பத்தெட்டு. ஆறு வருஷமாக அவருக்கு ஒரு வழக்கம். ஏரி உறைந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் பனியில் துளை போடும் துரப்பணத்தைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்து போவார். அங்கே சரியாகச் சிர்க்கா என்ற பெண்மணியின் வீட்டு வாசலுக்கு நேராக உட்கார்ந்து மீன் பிடிப்பார். சிர்க்கா படியில் நின்று, "காபி மிஞ்சிப்போச்சு, வேணுமா?" என்பார். "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்," என்பார் இவர். அப்புறம் காபி, ஏலக்காய் ரொட்டி, ஒரு மணி நேர மௌனம். பனி உருகினால் அந்தச் சிநேகத்துக்கும் விடுமுறை. பஸ்ஸில் போனால் கால் மணி நேரம்தான். ஆனால் பஸ்ஸில் போய் இறங்கிவிட்டு, சும்மா இந்தப் பக்கமா வந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

போன ஏப்ரலில்தான் வந்தது வினை. "தெற்கே தூர்க்கு நகரத்துல இருக்கிற என் தங்கச்சி கூப்பிடுறா. வீட்டை வித்துட்டுப் போயிடலாமான்னு இருக்கேன். ஜனவரி முடியறதுக்குள்ள முடிவு சொல்லணும்," என்றார் சிர்க்கா.

தைஸ்தோ, "ம்," என்றார்.

அந்த 'ம்'முக்காக அன்றிலிருந்து தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார். 'போகாதீங்க.' ஒரே ஒரு வார்த்தை. கோடை முழுக்கக் கண்ணாடி முன் நின்று பழகிவிட்டார். சொல்லப் பனிதான் இல்லை.

புதன்கிழமை துணிந்து போன் செய்தார்.

"ஹலோ, சிர்க்கா பேசறேன்."

தைஸ்தோவின் வாயில் கொழுக்கட்டை.

"யாருங்க?"

"பல்... பல் ஆஸ்பத்திரிங்களா?"

"இல்லீங்களே."

வைத்துவிட்டார். இனி போனும் செய்ய முடியாது. குரல் தெரிந்திருக்குமே!

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக் கௌகோவிடம் படகு கேட்டார்.

"ஜனவரியிலயா?" கௌகோ வாயைப் பிளந்தார்.

"தண்ணி இருக்குல்ல?"

"அது கொட்டகையில காய்ஞ்சு கிடக்குப்பா. பலகையெல்லாம் இடைவெளி விட்டிருக்கும். ரெண்டு நாள் ஊறப்போடாம ஏறாதே."

இரண்டு நாளுக்கு எங்கே போவது? ஏறிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் துடுப்புப் போட்ட கை தானாக நின்றது. பிறந்ததிலிருந்து ஜனவரி ஏரி என்றால் அவருக்கு வெள்ளைத் தரை. இன்று அது மூச்சுவிட்டது. தண்ணீரெங்கும் ஆவி எழுந்து, தாழ்ந்த மதிய வெயிலில் பொன்னாக நின்றது. தெற்கே போக மறந்த அன்னங்கள் அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தன. கரையில் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். அம்மாடி, என்ன அழகு! இப்படி ஓர் அழகு இந்த மாதத்தில் வரலாமா என்று பயமாகவும் இருந்தது. தைஸ்தோவுக்குக் கண் கலங்கியது.

முழங்கால் நனைந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. படகு அவசரப்படாமல், இடுப்பளவு ஆழத்தில் போய் உட்கார்ந்தது.

"முங்கிட்டியா?" கரையிலிருந்து கௌகோ கத்தினார்.

"இல்ல, நிக்கிறேன்!"

கௌகோ அவரை இழுத்துக்கொண்டுபோய் நீராவிக் குளியலறையில் உட்காரவைத்தார். "யாரைப் பார்க்கப் போனே?"

"மீனை."

"மீன் என்ன ரொட்டி சுடுமா?" என்றார் கௌகோ. தைஸ்தோ சூட்டில் சிவந்தாரா, வெட்கத்தில் சிவந்தாரா, தெரியவில்லை.

மறுநாள் ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை. இனி பஸ்தான் கதி. ஆனால் சாக்கு வேண்டுமே? துரப்பணம், சறுக்குவண்டி, மீன் வாளி, கம்பளித் தொப்பி எல்லாவற்றோடும் தூறும் மழையில் கடைசி நிறுத்தத்துக்குப் போனார். பஸ் அங்கே வந்துதான் திரும்பும். எதிரே ஏரி நேற்றுபோலவே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, "போகாதீங்க, போகாதீங்க," என்று முணுமுணுத்தார். ஓர் அன்னம் திரும்பிப் பார்த்தது.

பஸ் வந்து நின்றது. முன்கதவில் ஏறப்போனார். சறுக்குவண்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. இழுத்தார். வாளி உருண்டு டிரைவரின் காலடிக்குப் போனது.

"என்னங்க இதெல்லாம்?" என்றாள் டிரைவர் பெண்.

"ட்ரில்லு. ஐஸ்ல துளை போட."

"ஐஸ் எங்க இருக்கு?"

"எதிர்க்கரையில..."

"அங்கேயும் தண்ணிதாங்க. இப்போதான் அங்கிருந்து வரேன்."

தைஸ்தோ தொப்பியைக் கழற்றினார். அவள் வாளியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"இந்த ஊருக்கே என்னமோ ஆயிடுச்சு! அந்தக் கரையிலருந்து ஒரு அம்மா, இந்த மாசம் பூரா சனிக்கிழமை தவறாம, விலைச்சீட்டுகூடப் பிரிக்காத புது ட்ரில்லோட இங்க வந்து கொஞ்ச நேரம் நின்னுட்டு அடுத்த பஸ்ல திரும்பிப் போறாங்க. கேட்டா, சும்மா இந்தப் பக்கமா வந்தேங்கிறாங்க. இப்போதான் பின்கதவால இறங்கினாங்க. நீங்க ஏறப்போறீங்களா, இறங்கப்போறீங்களா?"