மீன் தெரிந்தது

போன் அடித்தது. வேல்ராஜ் தூண்டிலை இடக்கைக்கு மாற்றிவிட்டு எடுத்துப் பார்த்தான். திரை கருப்பாக இருந்தது.

மணி நிற்கவில்லை. அழைப்பது யாரென்று தெரியாமல் எடுக்கப் பயம். காலையில்தான் பாத்திரக்கடை முதலாளி தங்கப்பழத்திடம், "எனக்கு மெட்ராஸ் ஐ முதலாளி, கோமதியம்மா சத்தியமா" என்று லீவு வாங்கியிருந்தான்.

சங்கரன்கோவிலில் மெட்ராஸ் ஐ என்றால் யாரும் முகத்தைப் பார்த்துச் சரிபார்க்க மாட்டார்கள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும். ஒரு கருப்புக் கண்ணாடி போதும்.

அதையும் முந்தின நாளே கடையநல்லூரில் ரிபாயியிடம் வாங்கிவிட்டான். துபாய்ச் சரக்கு. "இதப் போட்டா தண்ணிக்கு அடியில கெடக்க மீனு தெரியும்ணே. ஆனா ஒண்ணு..." என்று ரிபாயி ஆரம்பிக்கும்போது பஸ் வந்துவிட்டது. வேல்ராஜ் ஓடிவிட்டான்.

மீன் தெரிந்தது. கெண்டையின் செதில்கூடத் தெரிந்தது. போன்தான் தெரியவில்லை.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஜெபசிங்கிடம் நீட்டினான். "அண்ணாச்சி, போன் செத்துட்டா பாரும்."

"நல்லாத்தானவே எரியுது. முதலாளின்னு போட்டிருக்கு."

வேல்ராஜ் வாங்கிப் பார்த்தான். கருப்பு.

கண்ணாடியைக் கழற்றிக் குளத்துத் தண்ணீரில் கண்ணைக் கழுவினான். தெரிந்தவர் யாரும் சிவக்காத கண்ணைப் பார்த்துவிடக் கூடாதென்று அவசரமாக மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். கருப்பு.

ஜெபசிங்கே அழைப்பை எடுத்து அவன் காதில் வைத்தார்.

"கண்ணு எப்படிடே இருக்கு?" என்றார் முதலாளி.

"தெரியல முதலாளி!" என்று கத்தினான். அழைப்பைத் துண்டிக்கவும் பொத்தான் தெரியவில்லை. ஜெபசிங்தான் துண்டித்தார்.

"அண்ணாச்சி, காலையில பொய்ச்சத்தியம் பண்ணிட்டேன். கண்ணு வலின்னு."

"கண்ணுக்கா சத்தியம் பண்ணுனீரு? போச்சு. இன்னைக்குப் போன். நாளைக்குப் பொண்டாட்டி மொகம். அதுவும் நல்லதுதான்னு நெனச்சிராதீரும்."

வேல்ராஜ் தூண்டிலை அங்கேயே போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினான்.

அவனைக் கண்டதும் முதலாளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏலே, உள்ள வராத! கடைக்கே பரப்பிருவ."

தராசில் ஒரு குடம் இருந்தது. எடை காட்டும் திரையைப் பார்த்தான். அதுவும் கருப்பு.

"முதலாளி, எத்தன கிலோ காட்டுது?"

"ஒண்ணே கால். ஏம்டே?"

வேல்ராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு மெட்ராஸ் ஐ இல்ல முதலாளி. மீன் பிடிக்கப் போனேன். பொய்ச்சத்தியம் கண்ணப் பறிச்சிட்டு. வேலையிலருந்து மட்டும் நிறுத்திராதீங்க."

முதலாளி திரும்பினார். கை ஓங்கினார். கண்ணாடிக்கு அடியில் வழிந்த கண்ணீரைப் பார்த்துக் கையை இறக்கினார்.

"அழாதடே. கண்ணு தெரியாதவன வெளிய அனுப்புன பாவம் எனக்கு வேண்டாம். நாளைக்கே கோமதியம்மாவுக்கு வெள்ளியில கண்மலர் சாத்திருவோம். என் செலவு."

போன் மறுபடி அடித்தது. வேல்ராஜ் பார்க்காமலே நீட்டினான். முதலாளி வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, ரிபாயி பேசுதேன். நேத்து பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க, சொல்ல விட்டுப்போச்சு. அந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் போனப் பாத்தா இருட்டாத்தான் தெரியும், பயந்துராதீங்க. மீனு கெடச்சுதா?"