சுவருக்கு ஊதுபத்தி கொளுத்தியவர்

திருவண்ணாமலையில் ஒரு நாளைக்கு எத்தனை ஊதுபத்தி எரிகிறது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் சாமிக்காக இல்லாமல் சுவருக்காக எரிந்தவை அத்தனையும் ஒரே மனிதர் கொளுத்தியவை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அவர் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர். எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். காலையில் நகராட்சி அலுவலகத்தில் செய்தி பொறுக்கி, மதியம் கவரில் போட்டு வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் என் வேலை முடிந்தது. செய்தி கிடைக்காத நாட்களில் அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் என் சைக்கிளை விடுவேன். ஊர் அவருக்கு ஊதுபத்தி இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

ஒல்லியான, நெட்டையான ஆள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஊதுபத்தி இருக்கும். பேனா காதில் இருக்கும்.

புது வீட்டுக்குச் சான்று கேட்டாலும் சரி, வாடகை வீட்டைப் பற்றிப் புகார் வந்தாலும் சரி, அவர் செய்கிற சோதனை ஒன்றுதான். நடு அறைக்குப் போய் ஒரு வாழைப்பழம் கேட்பார். அதில் பத்தியைக் குத்தித் தரையில் வைத்துக் கொளுத்துவார். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் புகையைப் பார்ப்பார். புகை வளைந்து நெளிந்து வெளியே போனால் வீடு பாஸ். நேராக மேலே ஏறிக் கூரையில் தங்கினால் ஃபெயில். “காத்து வர்றதுக்கு வழி வச்சீங்க, போறதுக்கு எங்க வச்சீங்க?” என்று கேட்டு, எதிர்ச் சுவரில் ஜன்னல் வைக்கச் சொல்லி அங்கேயே நோட்டீஸ் எழுதிவிடுவார். பிறகு வாழைப்பழத்தைத் தானே உரித்துச் சாப்பிடுவார். பணிக்காலம் முழுவதிலும் அவர் வாங்கிய லஞ்சம் அது ஒன்றுதான்.

சிக்கல் எங்கே என்றால், இந்த ஊரில் வாழைப்பழத்தில் பத்தியைக் குத்திவைத்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரை யாரும் நகராட்சி ஊழியர் என்று நினைக்க மாட்டார்கள். தேரடித் தெருவில் ஓர் எண்ணெய் வியாபாரி வீட்டில் அவர் புகை பார்த்துக்கொண்டிருந்தபோது, வியாபாரியின் மனைவி கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். பக்கத்து வீட்டு மருமகள் ஓடி வந்து காலில் விழுந்து, எப்போது குழந்தை பிறக்கும் என்று கேட்டாள். படிவத்தில் அவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி கக்கூஸ் எந்தப் பக்கம் என்பது. அதைக் கேட்டார். அந்த வாரமே எண்ணெய் வியாபாரி கக்கூஸை இடித்து வேறு மூலையில் கட்டினார். மருமகளுக்கு மறுவருஷம் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு அவர் தெருவுக்குள் சைக்கிளை விட்டாலே பெண்கள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “பத்தி சாமி வர்றாரு” என்று எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

நோட்டீஸ் கொடுத்தால் ஒரு வருஷம் இழுத்தடிக்கிறவர்கள், பத்தி சாமி சொன்னதாகக் கேள்விப்பட்டால் ஒரே வாரத்தில் ஜன்னல் வைத்தார்கள். இந்த ராஜபாட்டையிலேயே போய்விடலாமே என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

“நான் சட்டம் சொல்றேன் நிருபரே. சாமி சொன்னாருன்னு ஜன்னல் வச்சவன், நாளைக்கு இன்னொரு சாமி சொன்னாருன்னு அதை மூடிடுவான்.”

யாராவது தேங்காய் வைத்தால் திருப்பிக் கொடுத்தார். யாராவது காலில் விழ வந்தால், ஒரு கால் பெடலில் இருக்க, மறு காலால் தாவி ஓடினார். தான் சாமி இல்லை என்று ஒருமுறை சந்தையில் நின்று சத்தமாகவே அறிவித்தார். உண்மையான சாமிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சந்தை முடிவு செய்தது.

அந்தச் சமயத்தில்தான் ஏழாம் நம்பர் வீடு வந்தது.

நகராட்சி தன் கடைநிலை ஊழியர்களுக்காக ஊர் ஓரத்தில் பன்னிரண்டு வீடுகளை வரிசையாகக் கட்டியிருந்தது. முன்னால் ஒரு கதவு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். மற்ற மூன்று பக்கமும் சுவர். ஏழாம் நம்பரில் தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் முனுசாமி இருந்தார். அவர் மனைவி பச்சையம்மாவுக்குக் காசநோய். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காற்றோட்டமான இடம் எது என்று கேட்கத்தான் முனுசாமி இன்ஸ்பெக்டரிடம் வந்தார்.

நாங்கள் போனோம். பத்தி எரிந்தது. புகை கம்பி போல மேலே போய், சிமெண்ட் ஷீட்டில் மோதி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மூலையில் பாயில் பச்சையம்மா இருமிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூன்று முறை நின்றார். அன்று இன்ஸ்பெக்டர் பழத்தைச் சாப்பிடவில்லை.

“இன்னா சார் சொல்லுது பத்தி?” என்று முனுசாமி கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் மேல நோட்டீஸ் குடுக்கணும்னு சொல்லுது.”

வீட்டுக்காரர் நகராட்சி. அதாவது ஆணையர். நகராட்சியே நகராட்சிக்கு நோட்டீஸ் கொடுக்கிற வழக்கமில்லை என்று அலுவலகத்தில் நிதானமாக விளக்கினார்கள். சட்டத்தில் ‘கட்டட உரிமையாளர்’ என்றுதான் இருக்கிறது, ‘நம்மைத் தவிர’ என்று இல்லை என்று இவரும் நிதானமாக விளக்கினார். ஆணையர் நோட்டீஸைக் கையில் வாங்க மறுத்தார். வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கதவில் ஒட்ட வேண்டும் என்பது விதி. மறுநாள் காலை, சினிமா போஸ்டர் ஒட்டுகிறவரிடம் பசை வாளியைக் கடன் வாங்கி வந்து, ஆணையர் அறைக் கதவிலேயே ஒட்டினார். ஒரு சாட்சி நான். இன்னொரு சாட்சி டீக்கடைக்காரர்.

ஆணையர் வந்து, கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார்.

“உன்னைக் கடலோரமா எங்கயாவது மாத்திட்டா இன்னாய்யா பண்ணுவ?”

“அங்க காத்து ஜாஸ்திங்க சார். எனக்கு வேலை கம்மியா இருக்கும்.”

ஆணையர் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டார். பள்ளிக்கூடம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கொத்தனார்களை ஒரே ஒரு வாரம் அனுப்பச் சம்மதித்தார். முதலில் ஏழாம் நம்பர், பிறகு மற்றவை. அந்த வாரத்தை விட்டால் கொத்தனார்கள் மாதக்கணக்கில் நடக்கும் தீபத் திருவிழா முன்வேலைகளுக்குப் போய்விடுவார்கள். பிறகு கார்த்திகை தாண்டித்தான் திரும்புவார்கள். பச்சையம்மா இருந்த நிலையில் கார்த்திகை ரொம்ப தூரம்.

திங்கட்கிழமை காலை கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு முனுசாமியின் மாமியார் நின்றார். மகளைப் பார்த்துக்கொள்ளக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவர்.

“ஆடி மாசங்க. ஆடியில செவுத்த இடிச்சா வூட்ல ஒரு ஆள் கம்மியாயிடும். ஆவணி பொறக்கட்டும்.”

இன்ஸ்பெக்டர் சட்டப் பிரிவைச் சொன்னார். அந்த அம்மாள் நகரவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னார். நகரவில்லை. வேறு வழி தோன்றாமல், புகை நிற்பதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று பத்தியை எடுத்துக் கொளுத்தினார். அதுதான் வினையாகிவிட்டது. எட்டாம் நம்பர் பெண் அந்த அம்மாளின் காதில் ஏதோ சொன்னாள். அம்மாளின் முகம் மாறியது.

“பத்தி சாமின்னு சொல்றாங்களே, அது நீங்கதானா? நீங்க வாக்கு குடுங்க சாமி. எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுங்க. நகர்ந்துக்கறேன்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கொத்தனாரைப் பார்த்தார். அவர் இத்தனை வருஷம் தேங்காய்களைத் திருப்பிக் கொடுத்து, சந்துகளில் தாவி ஓடி, காப்பாற்றி வைத்திருந்தது ஒரே ஒரு கௌரவம். மூலையில் பச்சையம்மா இருமினார். அந்த இருமல் முடிய வெகுநேரம் ஆனது.

அவர் குனிந்து, தரையில் விழுந்திருந்த பத்திச் சாம்பலை விரலால் தொட்டு, அந்த அம்மாளின் நெற்றியில் வைத்தார்.

“ஒண்ணும் ஆவாது. நான் சொல்றேன். நகருங்கம்மா.”

அம்மாள் நகர்ந்தார். கடப்பாரை விழுந்தது. மதியத்துக்குள் சுவரில் சதுரமாக வெளிச்சம் வந்தது. சாயங்காலத்துக்குள், கேட்காமலேயே மற்ற பதினொரு வீடுகளும் நெற்றியைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றன. அத்தனைக்கும் வைத்தார், முகத்தைப் பார்த்தால் கசாயம் குடிக்கிறவர் மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் சைக்கிள் மிதித்துக்கொண்டே, “இன்னைக்கு நியூஸ் ஒண்ணும் இல்ல நிருபரே” என்றார். வேலூர் பஸ்ஸில் அன்று என் கவர் போகவில்லை.

மாத்திரைகள் வேலை செய்தனவா, ஜன்னல் வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் பங்கு உண்டு என்றார்கள். பிள்ளைகளுக்கு நோய் ஒட்டவில்லை.

அடுத்த தை மாதம் நாங்கள் அந்தப் பக்கமாகப் போனோம். பச்சையம்மா வாசலில் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். இவர் வைத்த ஜன்னல் வழியாகத்தான் குரங்கு வந்ததாம். இட்லி மாவைக் கவிழ்த்ததாம், முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனதாம், வலை அடித்துத் தரக்கூட யோசிக்காத ஆபீசர் என்ன ஆபீசர், படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்று தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. போய்விடலாம் என்று நான் சைகை காட்டினேன். இன்ஸ்பெக்டர் அசையவில்லை. நடுவில் ஒரு முறைகூட நிறுத்தாமல், ஒரு முறைகூட இருமாமல் பச்சையம்மா திட்டி முடிக்கும் வரை, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, தலையை ஆட்டி ஆட்டி, அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.