கோட்டையில் ஒரு நாள் தங்கியவர்

ஊர் சுற்றி வந்தவர்களில் இரண்டு ரகம் உண்டு. போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டவர்கள் ஒரு ரகம். திரும்பி வந்த பிறகும் அங்கேயே இருக்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தால் நமக்குத் தொந்தரவில்லை. இரண்டாவது ரகம்தான் பஸ் ஸ்டாப்பில், சலூன் பெஞ்சில், பூசை முடிந்த கோயில் வாசலில் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. அதில் ஓர் அசல் சரக்கு ராயபுரத்தில் எனக்கு அடுத்த வீட்டிலேயே குடியிருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்.

பெயர் இக்னேஷியஸ். சரக்குக் கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக, பதினோரு வருஷம் இருந்துவிட்டு இப்போது துறைமுகக் கேண்டீனில் இருக்கிறார். 1966-இல் கப்பல் அயர்லாந்து தேசத்து லிமரிக் துறைமுகத்தில் நின்றபோது, அங்கே ஒரு பழைய கோட்டையில் அவர் ஒரு நாள் தங்கினார். பதினோரு வருஷத்தில் எத்தனை துறைமுகம், எத்தனை புயல் பார்த்திருப்பார்? அதெல்லாம் மறந்தே போயிற்று. அந்த ஒரு நாள் மட்டும் ஏழு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் வெயில் என்றால் கோட்டைக் குளிர், கால்வலி என்றால் மேல்மாடியில் நிற்கிற வீரன் வாள் வீச வாகாக வலம் சுற்றிக் கட்டிய நூற்றுப் பன்னிரண்டு படி, கொசு என்றால் அங்கே கொசுவே இல்லை, பேய்தான் உண்டு, அதுவும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும் என்று போய்க்கொண்டே இருப்பார். துக்க வீட்டிலாவது விடுவாரா? பின் தெரு தாமஸ் இறந்தபோது, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கோட்டைப் பிரபுவின் முன்னோர் நானூறு வருஷமாகக் கல்பெட்டியில் படுத்திருக்கும் அழகை விதவைக்கு விளக்கினார். அங்கே விருந்தாளிகள் பேரெழுத ஒரு புத்தகம் இருந்ததாம். ஆகவே இவர் வீட்டு வாசலிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. கரண்டு மீட்டர் பார்க்கிறவர் அதில் ஒன்பது தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அதே கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்த சுப்புராயன்தான் ஒருநாள் என்னிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"கோட்டைக்காரரு கேப்டனை விருந்துக்குக் கூப்ட்டாரு சார். கோழிக் கொயம்பு வோணும்னாங்கோ. ஆக்கறதுக்கு இவரையும் இட்டுகினு போனாங்கோ. சமையக்கட்டாண்ட ஒரு ரூமு குட்த்தாங்கோ, படுத்துகினாரு. ஆனா ஒண்ணு சார், அந்தக் கொயம்ப வெள்ளைக்காரம்மா மூணு வாட்டி வாங்கித் துன்னுச்சு."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. சொல்லிக்கொள்ள வேண்டிய பெருமை அந்தக் குழம்பு. அதை மூடி மறைத்துவிட்டு, ஏறாத மாடிக்குப் படி எண்ணிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

நமக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. அவர் மனைவி அடைக்கலமேரிக்கு அப்படியில்லை. போன வருஷம் மகள் ரோசிக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும், அது முறை. அந்த அம்மாள் ஏழு மாதமாகப் பழஞ்சேலைகளைத் துவைத்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே குறை, கூரை. ஓடு உடைந்து மூன்று இடத்தில் ஒழுகும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும்.

"ஓட்ட மாத்துய்யா. பொண்ணு வர்ற நேரம் கீது."

"இன்னா மேரி, கோட்டையே ஒழுவிகினுதான் கீது. அதுக்குன்னே பித்தளை அண்டா வச்சிருந்தாங்கோ. பெரிய எடம்னா ஒழுவத்தான் செய்யும்."

அந்த அம்மாள் தானே போய் ஓடு மாற்றும் ஜெயவேலை அழைத்து வந்தார். ஜெயவேல் ஏணியைச் சாத்தினார். இக்னேஷியஸ் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, கோட்டைக் கூரையில் பாவியிருந்த கருங்கல் பலகையைப் பற்றி ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் வந்தது. ஜெயவேல் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார். அன்றைக்குப் புகைபோக்கி. மூன்றாம் நாள் ஜெயவேலுக்கே பொறுக்கவில்லை.

"நைனா, ஒண்ணு நீ பேசு, இல்லாங்காட்டி நான் ஏர்றேன். ரெண்டும் ஆவாது."

இக்னேஷியஸ் பேசினார். ஜெயவேல் புளியந்தோப்பில் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையில்தான் ரோசியைக் கொண்டுவந்து விட்டார் அவள் மாமியார், சம்பந்தியம்மாள். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். திருவொற்றியூரில் மொத்த மளிகைக்கடை. பேச்சு சுருக்கம். ரோசி உட்கார்ந்த கட்டிலில் ஒரு சொட்டு விழுந்தது. தள்ளி உட்கார்ந்தாள், அங்கேயும் விழுந்தது. அடைக்கலமேரி ஓடி ஓடிப் பாத்திரம் வைத்தார். இக்னேஷியஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

சம்பந்தியம்மாள் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தக் கோட்டையில பிள்ளத்தாச்சிய எங்க படுக்க வைப்பாங்க, சம்பந்தி?" என்றார்.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. இக்னேஷியஸ் நாற்காலியைச் சொட்டு விழாத பக்கமாக நகர்த்தினார்.

"ரோசி, எந்திரிம்மா. நம்ம வீட்டுக்கே போவோம்."

அடைக்கலமேரி குடையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை பின்னாலேயே போனார். "ரெண்டு நாளு குடுங்க மதினி, எப்படியாவது மாத்திர்றேன்."

"நான் குடுப்பேன் மதினி. மழை குடுக்கணுமே."

பேத்தி திருவொற்றியூரில் பிறந்தாள். பெற்ற மகளின் தலைப்பிரசவத்துக்கு, அந்தத் தாய் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக விருந்தாளியாகப் போய் நின்றார். அன்று முதல் கணவருக்குச் சோறு போடுகிறார், பேசுவதில்லை.

இக்னேஷியஸ் திருந்தினாரா? பேத்தியைப் பார்க்கப் போனவரை, மழை விடாததால், சம்பந்தி வீட்டார் மாடியில் தங்க வைத்தார்கள். போன ஞாயிறு கோயில் வாசலில் என் தோளைத் தொட்டார்.

"திருவொத்தியூர்ல ஒரு மாடி வூடு கீது சார். சொட்டுத் தண்ணி எறங்காது. நான் ஒரு நாளு தங்கினேன்..."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். 'நான் பம்பாயில் இருந்தபோது' என்றோ, 'டில்லியிலே எல்லாம்' என்றோ பேச்சை ஆரம்பிக்கிற ஆள் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். சந்தேகமிருந்தால், இன்றைக்குச் சாப்பிடும்போது உங்களுடைய அந்தப் பழைய பயணத்தை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டம்மாள் ரசம் கொண்டு வருகிறேன் என்று எழுந்துபோய், கதை முடிகிற வரையில் வெளியே வராவிட்டால், நான் யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.