தோணிரேவு கரண்ட் ஏலம்: மாப்பிள்ளைக்கு ஓர் ஆண்டறிக்கை

தோணிரேவு,
ஞாயிற்றுக்கிழமை, காலை ஏலம் முடிந்த பிறகு.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை இளவழகன் அவர்களுக்கு,

மாமனார் சகாதேவன் வணக்கமும் ஆசியும் கலந்து எழுதுவது. எது எவ்வளவு என்பதை உங்கள் மனம்போல் பிரித்துக்கொள்ளவும். இங்கு நானும் உங்கள் மாமியார் நாகம்மாளும் ஏரித் தண்ணீரும் சௌக்கியம். அங்கு தங்கள் உடல்நலமும், ஏழு மாதம் தாண்டிய எங்கள் வைஷ்ணவியின் உடல்நலமும், உங்கள் ஆபீஸ் ஏசியின் உடல்நலமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்தாலே "அப்புறம் கூப்பிடறேன் மாமா" என்பீர்கள். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது.

விஷயம் ஒன்றுதான். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, "உங்க ஊர்ல கரண்ட் நிக்காது மாமா, ஃபேன் இல்லாம அவ எப்படி இருப்பா? நிக்கும்னு ஆதாரம் காட்டுங்க, பாக்கலாம்" என்றீர்கள். வளைகாப்பு முடிந்த கையோடு கூட்டிவர வேண்டியவளை விட்டுவிட்டு நாங்கள் வெறும் தட்டோடு பஸ் ஏறினோம். பொன்னேரி வரைக்கும் உங்கள் மாமியார் என்னோடு பேசவில்லை. பொன்னேரிக்குப் பிறகு பேசினாள். அதற்குப் பேசாமலே வந்திருக்கலாம். தென்மண்டல மொத்த மின்சாரச் சந்தை எப்படி நடந்தது என்று வருடா வருடம் அறிக்கை எழுதுவது உங்கள் உத்தியோகம். உங்களுக்கு அறிக்கை பாஷையில் சொன்னால்தான் ஏறும் என்று முடிவுசெய்தேன். ஆகவே எங்கள் ஊர் மொத்த மின்சாரச் சந்தையின் முதலாம் ஆண்டறிக்கையை இத்துடன் சமர்ப்பிக்கிறேன்.

எல்லாம் போன பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது ஆரம்பித்தது. அதற்கு முந்தைய புயலுக்குப் பிறகு யாரோ புண்ணியவான்கள் எங்கள் ஏலக் கொட்டகைக் கூரைமேல் சோலார் பலகைகளும், உள்ளே பீரோ அளவுக்கு ஒரு பேட்டரியும் வைத்துவிட்டுப் போனார்கள். லைன் கரண்ட் போனால் ஊருக்கு அதுதான் கதி. யாருக்கு எவ்வளவு என்று தினமும் அடிதடி. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, உங்கள் சந்தையில் நாளைய கரண்டை இன்றைக்கே ஏலம் விடுவார்கள், வெயில் ஏறினால் வரத்து கூடி விலை விழும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு விலை தலைக்கேறும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். "இது நம்ம மீன் ஏலந்தானே மாப்பிள்ள?" என்று கேட்டேன். இந்தக் கரையில் மீசை முளைத்த நாளிலிருந்து ஏலம் கூவுகிறவன் கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "மின்சாரம் மீன் இல்ல மாமா" என்றீர்கள். அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக நின்றது. நீங்கள் ஊருக்குப் போன மறுநாளே கொட்டகையில் ஏறி நின்று கரண்டை ஏலம் கூவிவிட்டேன்.

முதலில் வரத்து நிலவரம். முதல் வாரமே விழுந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை, பேட்டரியோ பாதிகூட நிரம்பவில்லை. கூரை ஏறிப் பார்த்தால் கருவாட்டுக்காரி பச்சையம்மா பலகை முழுக்க நெத்திலி காயப்போட்டிருக்கிறாள். "சாய்வா கீது, மண்ணு ஒட்ல, காக்காக்குக் காலு வழுக்குது. இத்த வுட நல்ல களம் கெடைக்குமா?" என்கிறாள். அந்தப் பலகைக்கு வெயில் வேண்டும் என்றேன். "என் நெத்திலிக்கும் அதே வெயிலுதான் வேணும். எனுக்கு முன்னாடியா அது வந்துச்சு?" என்றாள். கடைசியில் அவளையே பலகைகளுக்குக் காவல் போட்டோம். இப்போது ஒரு காக்கை உட்கார்ந்தாலும் "வரத்து கொறையுது"னு தெருவுக்கே கேட்கக் கத்துகிறாள். அன்றிலிருந்து வரத்து அமோகம்.

அடுத்தது விலை நிலவரம். பணத்தில் வைத்தால் ஊர் இரண்டுபடும் என்று மீனில் வைத்தோம். ஒரு மணி நேரக் கரண்ட் ஒரு கூறு. அதற்கு எவ்வளவு நண்டு, எவ்வளவு இறால் என்று கேட்பு. வருவதெல்லாம் பேட்டரிப் பராமரிப்புக்கு. ஃப்ரீசர் வைத்து மீன் வியாபாரம் பண்ணுகிற மேரி விடியற்காலையில் வாயே திறக்கமாட்டாள். "பொழுது ஏறட்டும்ணே. மீனு வாடுனா வெல தானா எறங்கும்" என்பாள். கரண்ட் வாடாதும்மா என்று தலையில் அடித்துக்கொண்டேன். உச்சி வெயிலில் பேட்டரி நிரம்பி, மேற்கொண்டு வருகிற கரண்ட் போக்கிடமில்லாமல் நிற்க, ஒரு கை காரப்பொடி மீனைப் போட்டுவிட்டு வேண்டுமட்டும் அள்ளிக்கொண்டு போனாள். உங்கள் அறிக்கையிலும் மத்தியான விலை சரிந்தது என்றுதான் எழுதியிருக்கிறீர்களாமே, வைஷ்ணவி சொன்னாள். மேரி உங்கள் அறிக்கையைப் படித்தவளில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

டீக்கடை மூர்த்தி அவளுக்கும் ஒரு படி மேலே. மத்தியானம் மலிவாக வாங்கிப் பழைய ஆட்டோ பேட்டரிகளில் ரொப்பி வைத்துக்கொண்டான். ஒரு சாயங்காலம், கிரிக்கெட் மேட்ச் நடுவில் லைன் கரண்ட் போனதும், அதையே ஊருக்குப் பெரிய இறாலாகக் கேட்டு விற்றான். பதுக்கல் என்று ஊர் கொதித்தது. "ஐஸ் வெச்சு மீன வித்தா யாவாரம், பேட்டரி வெச்சு கரண்ட வித்தா பதுக்கலா? இன்னாடா நாயம் இது?" என்று அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் நியாயம் பேசுகிற நேரமா அது? ஏலம் கூவினவன் என்று என் சட்டையைத்தான் முதலில் பிடித்தார்கள். புதுச்சட்டை, நீங்கள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது.

ஊர்க்கூட்டம் கூடிற்று. ஏரியில் நல்ல இடத்தில் இன்றைக்கு யார் வலை விடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை போடுகிறோமே பாடு, அதையே சாயங்காலக் கரண்டுக்கும் போடுவதென்று முடிவானது. பகல் கரண்ட் ஏலத்துக்கு, ராத்திரி கரண்ட் பாடு முறைக்கு. உன் முறையன்று மேகம் போட்டால் உன் தலையெழுத்து, ஏரியிலும் அப்படித்தானே? அதற்குப் பிறகு ஒரு சட்டை கிழியவில்லை. உங்கள் சந்தையில் பாடு உண்டா மாப்பிள்ளை? இல்லையென்றால் ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். என் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். போன வாரக் கூட்டத்தில் நான் எழுந்து, என் பெண் பிரசவத்துக்கு வரப்போகிறாள், அவள் இருக்கும்வரை தினமும் விளக்கு வைத்ததிலிருந்து விடியும்வரை ஒரு ஃபேனுக்குக் கரண்ட் ஒதுக்க வேண்டும் என்றேன். "கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பாடு கெடையாது. உனுக்குத் தெரியாத கட்டுப்பாடா சகாதேவா?" என்று ஊர் கேட்டது. "சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்" என்று மூர்த்தி வேறு எடுத்துக்கொடுத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மாப்பிள்ளை, மறைக்க என்ன இருக்கிறது? பெற்ற பெண்ணுக்கு ஒரு ஃபேன் காற்று வாங்கித்தர முடியாத அப்பன் என்று நின்றேன். அப்போது மேரி எழுந்தாள். "பொண்ணுக்குத் தர வேணாம். வயித்துல கீதே, அத்த எந்த ஊருக்குக் கட்டிக்குடுத்தீங்க? அதும்பேர்ல போடுங்க" என்றாள். ஊர் சிரித்தது. சிரித்த ஊர் அப்படியே கையும் தூக்கியது. மழை நாளுக்கு இருக்கட்டும் என்று மூர்த்தி தன் பேட்டரி இரண்டைத் தூக்கிவந்து வைத்தான். பிறக்காத பிள்ளைக்குப் பாடு போட்ட ஊர் இந்த ஏரிக்கரையில் வேறு உண்டா, விசாரித்துப் பாருங்கள்.

ஆக, ஆதாரம் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். ஏரி வற்றினாலும் வைஷ்ணவி தலைக்கு மேல் ஃபேன் நிற்காது. மின்சாரம் மீன்தான் மாப்பிள்ளை. பெண்ணை அனுப்பி வையுங்கள்.

நீங்கள் கேட்டதெல்லாம் முதல் கேட்பிலேயே படியட்டும். பிள்ளை அம்மாவின் முகத்தோடும் உங்கள் படிப்போடும் என் தொண்டையோடும் பிறக்கட்டும். உங்கள் மாமியார் ஆசி சொல்லச் சொன்னாள்; கோபம் தீர்ந்த பிறகு தனியாகவும் சொல்வாளாம்.

இப்படிக்கு,
ஆண்டு முழுதும் வெற்றி கண்ட மாமனார்,
சகாதேவன், ஏலக்காரர்.

பின்குறிப்பு (திங்கட்கிழமை): நேற்று இதை ஒட்டுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெட்டியோடு வைஷ்ணவி. உங்கள் அடுக்குமாடியில் முந்தாநாளிலிருந்து கரண்ட் இல்லையாமே? லிஃப்ட் இல்லாமல் மெதுவாகப் படியிறங்கி வந்தாளாம். அவள் பத்திரம் என்று உடனே உங்களுக்கு போன் போட்டேன். பிறகு கூப்பிடுவதாகச் சொன்னீர்கள். பெருமையாக ஃபேனைத் தட்டிவிட்டேன். "நிறுத்து நைனா, ஏரிக்காத்து வர்ற வூட்ல இன்னாத்துக்கு இது?" என்று பின்கதவைத் திறந்துபோட்டுப் படுத்தவள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தவள் நேரே போய், ஊரே கைதூக்கிக் கொடுத்த பாடு முறையைப் பிரசவம் வரைக்கும் மொத்தமாக மேரியின் ஃப்ரீசருக்கு விற்றுவிட்டு வந்திருக்கிறாள், தினம் ஒரு கூறு நண்டுக்கு. பிள்ளை பெயரில் ஊர் கொடுத்ததை நீ எப்படி விற்கலாம் என்று குதித்தேன். "புள்ளதான் நண்டு கேக்குது நைனா, நான் இன்னா பண்றது?" என்கிறாள்.