ஸ்பீக்கரில் சொல்ல முடியாத வியாதி

அன்புள்ள எழிலரசிக்கு,

உன் வூட்டுக்காரன் தீர்த்தகிரி எழுதிக்கொள்வது. பொம்மிடியில் நான், மாடு, கொல்லை முருங்கை மூவரும் நலம். ஆவடியில் நீயும் காவியாவும் பேத்தியும் மாப்பிள்ளையும் அதேபோல் நலமாயிருக்க ஆண்டவன் துணை நிற்பானாக.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம், நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். இது மாப்பிள்ளை காதில் விழக்கூடிய சமாச்சாரம் அல்ல. முதலில் ஒன்று: பயப்படும்படி எதுவுமில்லை. பயப்படுவதுதான் வியாதி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பேத்தியைப் பார்த்துக்க நீ ரயிலேறின பிற்பாடு ஒரு நாள் மத்தியானம் சோத்துல மோரை ஊத்திட்டு உக்காந்தேன், நெஞ்சு படபடன்னு அடிக்குது, கையெல்லாம் வேர்வை, மூச்சு பாதியில நிக்குது, சரி முடிஞ்சுதுன்னு 108-க்கு போன் பண்ணேன். வண்டி வந்துது. ஏறிப் படுத்தப்புறம் கேஸ் அணைச்சமான்னு சந்தேகம், எறங்கிப் போய்ப் பார்த்தேன். மறுபடி ஏறினா கேட்டுப் பூட்டு. அப்புறம் மோட்டார் சுவிச்சு. டிரைவர் தம்பி இஞ்சினையே நிறுத்திட்டு, "ஐயா, நெஞ்சு வலி உங்களுக்குத்தானுங்களா?"ன்னு கேட்டுட்டான். தருமபுரியில ஈ.சி.ஜி., ரத்தம், தைராய்டுன்னு எல்லாம் பார்த்து ஒண்ணுமே இல்லைன்னாங்க. எனக்கு ஏமாத்தமாக்கூட இருந்துது. இவ்வளவு பாடு பட்டுட்டு ஒண்ணுமில்லாம எப்பிடி வூட்டுக்குப் போறது? திரும்பத் திரும்பப் போய் நின்னப்புறம்தான் மனநல டாக்டரைப் பாருங்கன்னு எழுதிக் குடுத்தாங்க.

துண்டை மொகத்துல சுத்திக்கிட்டுப் போனேன். அங்க இன்னொரு துண்டு உக்காந்திருக்குது. பார்த்தா, டீக்கடையில ஊருக்கே தைரியம் சொல்ற நம்ம தெரு மாதேஸ்! "மச்சானுக்குத் தொணையா வந்தேன்"னான். "நானும் பெரியப்பா பையனுக்குத்தான்"னேன். வராத ஆளுங்களுக்காக ரெண்டு பேரும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தோம். நர்சம்மா எங்க பேரையே சத்தமாக் கூப்பிட்டப்புறம் துண்டை மடிச்சு மடியில வெச்சிக்கிட்டோம்.

டாக்டர் பேரு வெண்மதி. காவியா வயசுதான் இருக்கும். தூக்கம் எப்பிடி, எதுக்கெல்லாம் பயம், எப்ப இருந்துன்னு பொறுமையாக் கேட்டாங்க. "சித்தேரி மலை ரோட்டுல பஸ் ஓட்டினவன்மா நான். எந்த வளைவுலயும் பயந்ததில்ல. இப்ப வூட்டுக்குள்ள உக்காந்து நடுங்கறேன்"ன்னேன். "அங்க ஸ்டியரிங் உங்க கையில இருந்துச்சுங்க"ன்னாங்க. அப்புறம் சீட்டு எழுதிக்கிட்டே, "இது பதற்ற நோய். கோழைத்தனமும் இல்ல, கிறுக்கும் இல்ல. மாத்திரை இருக்கு, பேசிச் சரிபண்ற வழியும் இருக்கு"ன்னாங்க. அதுக்கு ஒரு பேரு இருக்குதுன்னு தெரிஞ்சதும் பாதி பாரம் எறங்குன மாதிரி இருந்துது, எழிலு.

"வூட்டுக்காரி ஊருக்குப் போனதால வந்ததுதானுங்களே?"ன்னு கேட்டேன். "இல்லீங்க, ரொம்ப நாளாவே இருந்திருக்கு. அவங்க பக்கத்துல இருந்ததால வெளிய தெரியல"ன்னாங்க. அப்பத்தான் ஒறைச்சுது. கேஸ் அணைச்சாச்சான்னு நான் கேக்கறப்பெல்லாம் நீ அலுத்துக்காம "அணைச்சாச்சு, சாப்பிடுங்க"ன்னு சொல்லுவ. இப்ப நானே கேட்டு நானே சொல்லிக்கறேன், என் கொரலை நானே நம்ப மாட்டேங்கறேன். நீ சீரியலை ஓடவுட்டுட்டு அடுப்படிக்குப் போவியே, அதே மாதிரி சீரியல் போட்டுவுட்டு அடுப்படியவே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறேன்.

இருந்தாலும் நீ அவசரப்பட்டு வர வேணாம். கொழந்தைக்குத் தலை நின்னப்புறம் வந்தாப் போதும். எனக்கு மாத்திரை நல்லாக் கேக்குது. நான் அங்க வர்றதுக்கும் தோதுப்படாது, மாட்டை யாரு பார்ப்பாங்க? காவியாவுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைகிட்ட மாமாவுக்கு லேசாச் சளின்னு சொல்லி வை.

இப்படிக்கு,
உன் தீர்த்தகிரி

பின்குறிப்பு: தபால்ல போடத்தான் கெளம்பினேன். வழியில ஸ்டேஷன். மெட்ராஸ் ரயில் வர்ற நேரம். டிக்கெட் எடுத்து ஏறிட்டேன். மாட்டைப் பக்கத்து வூட்டு சென்னம்மா பார்த்துக்குவாங்க. இதை ஆம்பூர் தாண்டி எழுதறேன். கடிதத்தை நானே உன் கையில குடுக்கறேன், நீ படிக்கறப்ப பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். படிச்சு முடிக்கற வரைக்கும் என் மொகத்தை மட்டும் பார்க்காத.